பேனாக்கத்தியில் பேனா எங்கே?

மரபான மடக்குக் கத்திகளின் பெயர்களைக் கற்கப் புகுவோர் பெரும்பாலும் படங்களிலிருந்து தொடங்குகின்றனர். ஸ்டாக்மேன், டிராப்பர், விட்லர், பார்லோ என ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பெயர். மனப்பாடம் செய்தால் போதும் என்ற நம்பிக்கை. பறவைகளை இனங்காண அம்முறை உதவலாம். கத்திக்கு அது போதாது. ஷெஃபீல்டிலும் அமெரிக்காவிலும் வழங்கிய இப்பெயர்களில் பல, தோற்றத்தை மட்டும் குறிப்பவை அல்ல. எத்தனை அலகுகள், எவ்வகை அலகுகள், அவை கைப்பிடியின் எந்த முனையில் நிற்கின்றன என்ற சேர்க்கையைக் குறிப்பவை. அச்சேர்க்கையைத் தீர்மானித்தது தொழில்.

கால்நடை வளர்ப்போரின் பெயரைத் தாங்கிய ஸ்டாக்மேனில் வழக்கமாக மூன்று அலகுகள் உண்டு. கூர்முனை கொண்ட கிளிப் அலகு பொது வேலைகளுக்கு. ஷீப்ஸ்ஃபுட் அலகின் வெட்டுவாய் நேரானது. முதுகு வளைந்து இறங்கி அதைத் தொடுவதால் குத்தும் முனை அதற்கில்லை. மூன்றாவதான ஸ்பே, காயடிப்பதற்கு உரியது. அதன் முனை மழுங்கியிருப்பது அழகுக்காக அன்று. திமிறும் விலங்கின் உடலில் தவறிப் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. இதை அறிந்தவர் அந்த வடிவத்தைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதே ஸ்பே நீண்டு, கிளிப் அலகோடு ஒரே முனையில் சேர்ந்தால் டிராப்பர். அது பொறி வைத்து விலங்கு பிடிப்போரின் கத்தி. அங்கே ஸ்பேயின் வேலை தோலுரிப்பது. ஒரே சொல் வேறொரு தொடரில் வேறு பொருள் தருவது போலத்தான் இதுவும்.

விட்லரிலும் அலகுகள் மூன்றே. ஆனால் பெரிய அலகு ஒரு முனையில் தனித்து நின்று இரண்டு வில்தகடுகளின் மீதும் அமர்கிறது. மறுமுனையின் சிறிய அலகுகள் ஆளுக்கொரு தகட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மரம் சீவும் கைக்கு அசையாத அலகு வேண்டும். கத்தியைப் பக்கவாட்டில் காட்டும் படத்தில் இந்த ஏற்பாடு எளிதில் தெரியாது. திறக்கும்போதும் மூடும்போதும் அலகு இயங்கும் இதத்தை 'நடை' என்றும், முடிவில் எழும் சொடுக்கொலியைப் 'பேச்சு' என்றும் அத்துறையினர் வழங்குவர். அவற்றையும் கையும் காதும்தான் அறியும்.

எண்களுக்கும் இலக்கணம் உண்டு. கேஸ் நிறுவனத்தின் 6318 என்ற எண்ணில் 6 எலும்புக் கைப்பிடியையும், 3 அலகுகளின் எண்ணிக்கையையும், 18 வடிவத்தையும் சுட்டும். பகுபதம் பிரித்துப் பழகிய தமிழ் மாணவருக்கு இது அரைமணி நேர வேலை.

பெயர் தொழிலிலிருந்து கழன்றால் என்ன ஆகும் என்பதற்கு, நீண்ட உலோகப் பூணால் அடையாளம் காணப்படும் பார்லோ சான்று. 1876இல் வெளிவந்த மார்க் ட்வைனின் நாவலில் டாம் சாயருக்கு அக்கத்தி பரிசாகக் கிடைக்கிறது. அது எதையும் வெட்டாது. ஆயினும் அசல் பார்லோ என்பதே சிறுவனுக்குப் பெருமை. இன்றைய சேகரிப்பாளர்கள் சிலரும் அந்தச் சிறுவனின் நிலையிலேயே நின்றுவிடுகின்றனர்.

தமிழில் நேர்வது வேறு வகை இழப்பு. மடக்குக் கத்தி எதுவாயினும் 'பேனாக்கத்தி' என்று எழுதிவிடும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் உண்டு. இறகுப் பேனாவின் முனையைச் சீவிய சிறு கத்திக்குரிய ஆங்கிலப் பெயரின் வழிவந்த சொல் அது. ஸ்டாக்மேனும் டிராப்பரும் அதற்குள் அடங்கிவிட்டால், கதையில் வருபவன் மாடு வளர்ப்பவனா, பொறி வைப்பவனா என்ற செய்தி வாசகருக்கு எட்டாமலே போகிறது. கடன்சொல்லை அப்படியே எழுதி, அடுத்த தொடரில் அதன் வேலையைச் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

இத்தனைக்கும், தொழிலைப் பெயரிலேயே வைத்திருக்கும் மடக்குக் கருவி ஒன்று தமிழில் இருந்தது. ஓலையில் எழுதியோர் பயன்படுத்திய மடக்கெழுத்தாணியில் ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலை நறுக்கும் கத்தி. இரண்டும் கைப்பிடிக்குள் மடங்கும். பேனாவும் கத்தியும் உண்மையிலேயே சேர்ந்திருந்தது அதில்தான்.