ஷூல்ட்ஸை மேற்கோள் காட்டுமுன்

நெல்லானாலும் நிலக்கடலையானாலும், நமக்கு வரும் கட்டுரைகள் பல ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. காப்-டக்ளஸ் சார்பு, இறுதிநிலை உற்பத்தி மதிப்பு, அதை விலையால் வகுத்த விகிதம். விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கியதும், ‘விவசாயிகள் யூரியாவை அளவுக்கு மீறிப் போடுகிறார்கள், குறைக்க வேண்டும்’ என்று பரிந்துரை. முன்னுரையில் பொருளியலாளர் தியோடர் ஷூல்ட்ஸ் பெயரும் தவறாமல் இருக்கும். அவர் கேட்டதோ இதற்கு நேர் எதிரான கேள்வி.

1902இல் தெற்கு டகோட்டாவில் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் ஷூல்ட்ஸ். முதல் உலகப் போர் நாளில் வேலைக்கு ஆள் இல்லாமல் உயர்நிலைப் பள்ளியே போகவில்லை. குளிர்கால வேளாண் வகுப்பு வழியாகக் கல்லூரிக்குள் நுழைந்து, 1930இல் விஸ்கான்சினில் முனைவர் பட்டம் வாங்கி, அயோவா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1943இல் அவர் துறையைச் சேர்ந்த ஆஸ்வால்ட் பிரவுன்லீ, போர்க்காலத்தில் வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் போதும், சத்திலும் ருசியிலும் குறைச்சலில்லை என்று ஒரு சிறு வெளியீடு எழுதினார். பால்பண்ணைக்காரர்கள் கொதித்தெழ, கல்லூரி அதைத் திரும்பப் பெற்றது. ஷூல்ட்ஸ் ராஜினாமா செய்துவிட்டுச் சிகாகோ போனார். (அரசு நிதியில் ஆய்வு நடத்துவோருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.)

அங்கிருந்து 1964இல் வந்ததுதான் மரபு வேளாண்மையின் மாற்றம் பற்றிய அவருடைய நூல். குவாத்தமாலாவின் பானஹாச்செல்லில் மானிடவியலாளர் சோல் டாக்ஸ் திரட்டிய கணக்குகளையும், உத்தரப் பிரதேசத்துச் சேனாபூரில் டேவிட் ஹாப்பர் திரட்டியவற்றையும் வைத்துக்கொண்டு, ஏழை விவசாயி கையில் இருப்பதைக் கச்சிதமாகவே பயன்படுத்துகிறார் என்று வாதிட்டார். வருமானம் குறைவதற்குக் காரணம், புதிய இடுபொருளும் படிப்பும் அவரை எட்டாததுதான். கிராமத்தில் உபரி ஆட்கள் இருக்கிறார்கள் என்ற கொள்கையை மறுக்க, 1918-19 இன்ஃபுளுவென்சாவில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டபின் விதைப்புப் பரப்பு சுருங்கியதைக் காட்டினார். அமர்த்தியா சென் 1967இல் அந்தக் கணக்கை மறுத்து எழுதினார். சென் பக்கமே நியாயம் கூடுதல் என்பது நம் கருத்து. கொள்ளைநோய் உபரி ஆளை மட்டும் பார்த்து வீட்டுக்கு ஒருவராக எண்ணிக் கொண்டுபோவதில்லை. 1979இல் ஆர்தர் லூயிஸோடு ஷூல்ட்ஸ் நோபல் பரிசைப் பகிர்ந்தது இந்த விவகாரத்தில் வேடிக்கைதான். உபரி உழைப்புக் கொள்கையே லூயிஸுடையது.

விவசாயியின் கணக்கும் நம் கணக்கும் ஒத்துவராதபோது, முதலில் நம் கணக்கில் விடுபட்டது என்ன என்று பார்ப்பதையே ஷூல்ட்ஸிடம் கற்க வேண்டும். கடைமடையில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவர், வந்த அன்றே மேலுரத்தை மொத்தமாக வீசிவிடுவார். வாய்மொழிக் குத்தகைக்காரர் அடுத்த போகத்துக்கு நிலம் கையில் இருக்குமா என்ற சந்தேகத்தில் தொழுவுரம் அடிக்காமல் யூரியாவோடு நிறுத்திக்கொள்வார். இவை எதுவும் விகிதத்தில் தெரியாது.

அடுத்த இதழ் முதல், இந்த விகிதத்தை வைத்துப் பரிந்துரை செய்யும் கட்டுரைகளில் மாதிரி விவசாயிகளின் பாசன ஆதாரம், நில உரிமை, உரமிட்ட தேதி மூன்றும் அட்டவணையாக இருக்க வேண்டும். இல்லாதவை மதிப்பீட்டாளருக்கு அனுப்பப்படமாட்டா.