தொப்பிக்குத் தலைவணங்காதவனின் இசை

மாத்தூரில், மணலி ஆலைகளின் புகைக்கு நடுவே, 'வில்லியம் டெல்' ஓப்பராவின் தொடக்க இசையைக் கேட்கிறோம். "பறையும் கானாவும் இருக்க, இது நமக்கு எதுக்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு.

ரோசினியின் இந்தப் படைப்பு 1829இல் பாரிசில் அரங்கேறியது. ஐந்து செல்லோக்களில் மெல்லத் தொடங்கி, புயலடித்து ஓய்ந்து, ட்ரம்பெட் முழங்கக் குதிரைப் பாய்ச்சலில் முடியும். பாட்டுக் குரலே இல்லை. மொழி தெரியாதவருக்கும் தடையில்லை.

கதை என்ன? கம்பத்தில் மாட்டிய ஆளுநரின் தொப்பிக்கு எல்லோரும் தலைவணங்க வேண்டும் என்பது உத்தரவு. டெல் மறுக்கிறான். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றச் சொல்லப்பட்டவர்கள், தோளில் துண்டு போடத் தடுக்கப்பட்டவர்கள் நாம். அந்தத் தொப்பி நமக்குத் தெரியாததா?

பறை நம் பெருமை. ஆனால் பறை மட்டும்தான் நமக்கு என்றால், அது காதுக்குள் கட்டிய சேரி. பிறப்பை வைத்து இசையைப் பங்கு பிரிப்பது சாதியின் வேலை. அதை நாமே செய்ய வேண்டாம். அண்ணல் அம்பேத்கர் வயலின் கற்றவர்.

பணக்காரர்கள் அரங்கில் கேட்டது இன்று நம் கைபேசியில் இருக்கிறது. தோழர்களே, பன்னிரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ரசிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.