பஞ்சமி நிலத்தை வரைபடத்தில் ஏற்றுவோம்

பஞ்சமி நிலத்தைப் பற்றி எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: எந்த இடம் என்று அடையாளம் காண முடியவில்லை. நிலத்துக்குக் கால் முளைத்து நடந்து போய்விடுமா, தோழர்களே? அரை சென்ட் குறைந்தால் அண்ணன் மேல் தம்பி வழக்குப் போடும் நாட்டில், ஏக்கர் ஏக்கராக நிலம் மட்டும் எப்படித் தொலையும்? நான் நில வரைபட மென்பொருளில் வேலை செய்பவன். அந்தத் தொழிலை வைத்தே சொல்கிறேன்: அடையாளம் காண்பது கடினமான வேலை அல்ல. காண மனமில்லை, அவ்வளவுதான்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று 1010/10-ஏ எண்ணுள்ள அரசாணை வந்தது. அப்படி வழங்கப்பட்ட நிலத்தை முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வழங்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அதை மீட்கக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிக் குண்டு பதிலாக வந்தது. காரணை நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

1979இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தின்போது பல ஊர்களில் 'டி.சி. நிலம்' என்ற குறிப்பே பதிவேட்டிலிருந்து மறைந்துபோனது என்பது இயக்கங்களின் நீண்ட நாள் குற்றச்சாட்டு. ஆகவே முதலில் பதிவேடு, பிறகுதான் கருவி. யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குறிப்புப் பகுதியைப் படித்து சர்வே எண்களை எடுங்கள். அந்தப் பழைய எண் இன்று எந்த எண்ணாக மாறியிருக்கிறது, அ-பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். புலப்படத்தை அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம்.

அதன் பிறகு கையடக்க ஜி.பி.எஸ். கருவியோடு ஊருக்குள் இறங்குங்கள். அந்த மண்ணில் களையெடுத்த பாட்டிகளையும் ஏர் ஓட்டிய தாத்தாக்களையும் கூட அழைத்துச் செல்லுங்கள். சர்வே கல், கிணறு, ஓடை, வரப்பு முனை என ஒவ்வொன்றிலும் நின்று புள்ளி எடுங்கள். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். புலப்படத்தை அதில் ஏற்றி, நான்கைந்து கற்களின் புள்ளிகளோடு பொருத்துங்கள். பரப்பளவு கணக்கிடும் முன் மண்டலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்: செங்கல்பட்டு என்றால் யு.டி.எம். 44 வடக்கு, கோவை என்றால் 43 வடக்கு. பழைய பதிவேட்டின்படி ஓர் அடுக்கு, இன்றைய பட்டாவின்படி ஓர் அடுக்கு, களத்தில் இன்று இருப்பது ஓர் அடுக்கு. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எது யார் கைக்குப் போனது என்பது பளிச்சென்று தெரியும்.

"கைக்கருவி துல்லியமில்லை" என்று மடக்குவார்கள். உண்மைதான். திறந்தவெளியிலேயே 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும். தோப்புக்குள் இன்னும் கூடும். சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் சுமார் 64 மீட்டர். அதில் ஒரு பக்க எல்லை 5 மீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய 8 சென்ட் போய்விடும். வரப்புத் தகராறைத் தீர்க்க இது போதாது. அதற்கு நில அளவர்தான் வரவேண்டும். ஆனால் நம் வழக்கு வரப்புத் தகராறா? 40 ஏக்கர் யாருடைய மதிலுக்குள் கிடக்கிறது என்ற கேள்விக்கு 5 மீட்டர் ஒரு பொருட்டா? அந்த மதிலைக் காட்டி, 'அளந்து மறுத்துப் பாருங்கள்' என்று கேட்பதற்கு இந்த வரைபடம் தாராளமாகப் போதும்.

இன்னொரு கூட்டம், ட்ரோன் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் வேலி தெரியும். வேலிக்குள் இருப்பது யார் நிலம் என்பது தெரியாது. பழைய பதிவேட்டைத் திறக்காமல் இன்று யார் அனுபவிக்கிறார் என்பதை மட்டும் அளந்தால், அபகரிப்புக்குத் துல்லியமான எல்லை போட்டுக் கொடுத்ததாகத்தான் முடியும். கருவிக்குச் சாதி கிடையாது. எந்தப் பக்கத்தைப் புரட்டுவது, எதை மூடி வைப்பது என்று முடிவு செய்யும் நாற்காலிக்கு இருக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். வரைபடம் ஊர் மக்களுடையது. எடுத்தவுடன் முகநூலில் போடுவதற்கல்ல. சாட்சி சொன்ன முதியவர்கள் பெரும்பாலும் அந்த நிலத்துக்காரரிடமே கூலிக்குப் போகிறவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்க வேண்டாம். எப்போது, யாரிடம் கொடுப்பது என்பதைச் சேரி மக்கள் கூடி முடிவு செய்யட்டும்.

அரசிடம் நம் கோரிக்கை இரண்டுதான். ஊர்வாரியாகப் பஞ்சமி நில சர்வே எண்களை வரைபடத்தோடு வெளியிடு. அந்த எண்களில் இனி சட்டத்துக்குப் புறம்பான பத்திரப்பதிவு நடக்காமல் பூட்டு. செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஊரிலும் இரண்டு இளைஞர்களும் ஒரு கருவியும் ஒரு பழைய மடிக்கணினியும் இருந்தால் இந்த மாதமே தொடங்கலாம். அதன் பிறகு "எந்த இடம்?" என்று கேட்கட்டும். மேசைமேல் விரித்துக் காட்டுவோம்.