எலிகள் தரும் எச்சரிக்கை



2018 முதல் மேம்பாலப் பணிக்காக உக்கடத்துச் சாலைகள் அடைபட்டபோது, நாம் பழகிய வழியை விட்டுப் புதுவழி கற்றோம். எலியும் அவ்வாறே கற்கிறது. இரை வைக்கும் இடத்தை மாற்றினால், அதன் மூளையில் பல பகுதிகள் சேர்ந்து உழைக்கின்றன. இடங்களை வரைபடம்போல் நினைவில் வைப்பது ஹிப்போகாம்பஸ். பயன்படாத பழைய விதியைக் கைவிட உதவுவது முன்நெற்றிப் புறணி. இவை தம்முள் செய்தி பரிமாறினால்தான் மாற்றம் எளிதாகும்.

அச்சத்தைக் கையாளும் பகுதி அமிக்டலா. பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர், எலிகளை நாள்தோறும் 2 மணி நேரமாக 10 நாட்கள் அசையவிடாமல் வைத்து ஆராய்ந்தனர். 2002இல் முடிவு வெளியாயிற்று. ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன, அமிக்டலாவிலோ பெருகியிருந்தன. பின்னர் நடந்த ஆய்வில், 21 நாட்கள் ஓய்வளித்தும் அமிக்டலாவின் பெருக்கம் தணியவில்லை.

எலி வேறு, குழந்தை வேறுதான். ஆயினும் பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! பாடம் ஒப்புவிக்கையில் தடுமாறும் பிள்ளையின்மேல் பிரம்பை ஓங்குமுன் சற்றே சிந்தியுங்கள். பிழையை விட்டுச் சரியானதைப் பற்றிக்கொள்ள, அப்பிள்ளைக்கு முதலில் வேண்டியது அச்சமற்ற நெஞ்சமல்லவா?