மருந்துக்கு முன் சிலந்தியை எண்ணுங்கள்

நட்ட பயிர் பச்சை பிடித்ததும் வயலில் நாலு பூச்சி பறந்தால், உடனே மருந்துக் கடைக்குப் போவது நமக்குப் பழகிவிட்டது. ஆனால், கதிர் பிடிக்கும் நேரத்தில் வயல் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் புகைந்து காய்வதற்கு, அவசரப்பட்டு அடித்த அந்த முதல் மருந்தே காரணமாக இருக்கலாம்.

புகையான் தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். முட்டையை இலையுறைக்குள் இடும். மேலாகத் தெளிக்கும் மருந்து அங்கே சரிவரச் சேராது. மாறாக, புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளும், அதன் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் மடிகின்றன. காவல் போன வயலில் புகையான் பல மடங்கு பெருகுகிறது.

பூச்சியை மட்டும் பார்க்காமல், வயலில் எது எதைத் தின்று வாழ்கிறது என்று பார்ப்பவர்கள் வேளாண் சூழலியலாளர்கள். 1970களின் இறுதியில் பிலிப்பைன்ஸில் ஆய்வு செய்த பீட்டர் கென்மோர், மருந்தடிக்காத நெல் வயலில் புகையான் அடங்கியிருப்பதையும், மருந்தடித்த வயலில் பெருகுவதையும் காட்டினார். புகையானால் பெரும் சேதம் கண்ட இந்தோனேசியா, 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. மருந்து மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. 1989-ல் உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கியது. அதனால் அங்கே நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை.

பிறகு ஜாவா வயல்களில் இன்னொன்றும் தெரியவந்தது. மண்ணில் மக்கும் தழையையும் எருவையும் நம்பிச் சின்னஞ்சிறு பூச்சிகள் வாழ்கின்றன. அவை பயிருக்குக் கெடுதல் செய்வதில்லை. புகையான் வருவதற்கு முன்பே சிலந்திகள் அவற்றைத் தின்று பெருகிவிடுகின்றன. ஆக, நீங்கள் இடும் தொழுவுரம் பயிரோடு காவலையும் வளர்க்கிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலும் சிலந்திக்கு இடம் உண்டு. சிலந்தி இல்லையென்றால் தூருக்கு 1 புகையான், குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் என்பதே பொருளாதாரச் சேத நிலை. 8 அடிக்கு ஒருமுறை 1 அடி பட்டம் விடுவதும், தழைச்சத்தை அளவோடு பிரித்து இடுவதும் நடவிலிருந்தே செய்ய வேண்டியவை.

மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. எண்ணிக்கை அந்த அளவைத் தொட்டால் தண்ணீரை வடித்துவிட்டு, தூரின் அடியில் படும்படி பரிந்துரைத்த மருந்தைத் தெளியுங்கள். புகையானைப் பெருக்கிவிடும் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தொடாதீர்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்து விற்பவரே வைத்தியரும் ஆகிவிட்டால், செலவும் சேதமும் விவசாயியின் தலையில்தான் விழும். ஆலோசனை கடையில் தொடங்காமல் வரப்பில் தொடங்க வேண்டும். வட்டாரந்தோறும் வயல் சூழலைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையே வயலில் இறங்குங்கள். குறுக்காக நடந்து அங்கங்கே 10 குத்துகளை விலக்கிப் பாருங்கள். புகையானை எண்ணும் அதே கையோடு சிலந்தியையும் எண்ணுங்கள். மருந்து வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.