மழை வெறிச்சிருச்சா?

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பக்கம் காலையில் கேட்கும் முதல் கேள்வி, "மழை வெறிச்சிருச்சா?" என்பதுதான். மழை நடுவில் கொஞ்சம் விட்டால் "வெட்டாப்பு" என்போம். இப்படிப்பட்ட கரிசல் சொற்களை 1982-இல் அகராதியாகவே தொகுத்துத் தந்தவர் இடைசெவல் கி.ரா. பிற்காலத்தில் அவர் குடியேறிய புதுச்சேரிதான் நான் பிரெஞ்சு வழியில் படித்த ஊர். பிழைப்புக்காக நான் இங்கே வந்தேன், அவர் அங்கே போனார்.

பிரெஞ்சு மாலுமிகளும் இதற்குச் சொற்கள் வைத்திருந்தார்கள். காற்றும் அலையும் சற்றே அடங்கினால் "அக்கல்மி". புயல் வானம் சிறிது நேரம் வெளிவாங்கினால் "ஆம்பெலி". கடல் தட்டையாகக் கிடந்தால் "பொனாஸ்". இந்தப் பொனாஸின் ஸ்பானிய உடன்பிறப்புதான் "பொனான்சா". அமைதியான கடலைக் குறித்த சொல், பிறகு சுரங்கக்காரர்கள் வாயில் திடீர் அதிர்ஷ்டம் ஆகிவிட்டது.

அக்கல்மி, ஆம்பெலி, வெட்டாப்பு எல்லாவற்றுக்குள்ளும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: இது முடிவல்ல, இடைவெளிதான். அந்த நேரத்தில் மாலுமி கிழிந்த பாயைத் தைப்பான், கயிற்றை இறுக்குவான். கைப்பேசி காட்டும் "மழை வாய்ப்பு 40 சதவீதம்" இந்த எச்சரிக்கையைச் சொல்வதில்லை.

சிவகாசி வட்டாரத்தில் இது வெறும் சொல் ஆராய்ச்சி அல்ல. பட்டாசுக்கு வெயில் வேண்டும். ஈரம் பட்ட அலுமினியப் பொடி தானாகவே சூடேறும், கலந்த மருந்து பற்றிக்கொள்ளவும் கூடும். இடி மின்னலின்போது வேலையை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. தீபாவளியோ நெருங்குகிறது. வெட்டாப்பு விட்டதும் இழந்த இரண்டு நாளை ஒரு மதியத்தில் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஆபத்து அந்த அவசரத்தில்தான் இருக்கிறது.

என் கருத்து இதுதான். மழையால் வேலை நின்ற நாளுக்குப் பாதிக் கூலியாவது கொடுக்க வேண்டும். மழை விட்டபின் முதல் வேலை, நனைந்த மருந்தைப் பார்த்து அப்புறப்படுத்துவதாக இருக்க வேண்டும், உற்பத்தியாக அல்ல. இதற்குச் செலவாகும் என்பார்கள். ஆகட்டும். வெடி விபத்துக்குப் பின் கொடுக்கும் நிவாரணத்துக்குச் செலவே இல்லையா?

"மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?