முந்தி வந்தவருக்கே முழு மின்மாற்றியுமா?

தெல்லிப்பழையில் கூரைக்குச் சோலார் பூட்டப் பணம் சேர்த்தால் மட்டும் போதாது. உங்கள் ஒழுங்கைக்கு மின்சாரம் தரும் மின்மாற்றியிலும் இடம் இருக்க வேண்டும். இடம் முடிந்திருந்தால் மின்சார சபை கையை விரிக்கும். பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் இல்லை என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் சபை சொல்லும் காரணம் பொய்யல்ல.

நண்பகலில் வெயில் உச்சம். வீட்டில் ஓடுவதோ ஒரு பிரிட்ஜும் ஒரு மின்விசிறியும்தான். மிச்சக் கரண்ட் கம்பியில் ஏறுகிறது. எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் ஏற்றினால், 230ஐ ஒட்டி நிற்க வேண்டிய வோல்ட்டளவு உயர்ந்துவிடும். கம்பி முடியும் இடத்தில் உள்ள வீட்டில்தான் அது கூடுதலாக உயரும். எல்லை தாண்டியதும் அந்த வீட்டு இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். தகடு வெயிலில் கொதித்துக் கிடக்க, கணக்கில் ஒரு யூனிட்டும் ஏறாது. நாடளவிலும் இதைப் போன்ற சிக்கல் உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி சபையே கேட்க நேர்ந்தது.

ஆகவே எல்லை வேண்டும். அதற்குள் யாரைச் சேர்ப்பது என்பதுதான் வழக்கு.

விண்ணப்பம் வந்த ஒழுங்கில் கொடுப்பது சுலபம், பார்வைக்கு நியாயமும்கூட. ஆனால் முந்தி வருபவர் பெரும்பாலும் கையில் காசுள்ளவர். 40 கிலோவாட் பூட்டும் ஒரு கடை, 5 கிலோவாட் கேட்கும் எட்டு வீடுகளின் இடத்தை எடுத்துக்கொள்ளும், அதுவும் 20 வருட ஒப்பந்தத்தோடு. தெல்லிப்பழை உள்ள வலிகாமம் வடக்கில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1990இல் போரால் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் இராணுவத்திடமிருந்து துண்டு துண்டாகத்தான் விடுபட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுபட்டது 2017இல். பிந்தி வந்தது அவர்களுடைய சோம்பலால் அல்ல.

இந்த மண்ணுக்குப் பங்குக் கிணறு புதிதல்ல. காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கும். முறை வந்தவர் இறைப்பார். ஊரில் இல்லாத பங்காளியின் பங்கு அதனால் அழிந்துபோவதில்லை. மின்மாற்றிக்கும் அந்தக் கணக்கைப் பொருத்தலாம். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சிறு பங்கைச் சபை ஒதுக்கட்டும். வராதவரின் பங்கு வீணாகக் கிடக்கத் தேவையில்லை. இன்று கேட்பவருக்குக் கொடுக்கலாம், உரியவர் வந்ததும் குறைக்கப்படும் என்ற நிபந்தனையோடு. வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு இன்வேட்டரிலேயே உச்சவரம்பு வைக்க முடியும் என்பதால் இது நடக்காத காரியமல்ல. பங்குக்கு மேல் வேண்டுபவர் பற்றரி வைத்துப் பகல் மின்சாரத்தை இரவுக்குத் தேக்கட்டும், அல்லது மின்மாற்றியைப் பெரிதாக்கும் செலவில் பங்கேற்கட்டும். ஏற்கெனவே கைச்சாத்திட்ட ஒப்பந்தங்களில் கைவைக்கக் கூடாது. அவர்கள் கடன்பட்டுப் பூட்டியவர்கள்.

பங்கு முறை வர நாளெடுக்கலாம். ஒரு காரியத்தை மட்டும் உடனே செய்யலாம். எந்த மின்மாற்றியில் எவ்வளவு இடம் மீதி, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைச் சபை தமிழில் வெளியிட்டு, மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். அதுவரை, சோலார் கொம்பனிக்கு முற்பணம் கட்டுமுன் உங்கள் மின்மாற்றியில் இடமிருப்பதைச் சபையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.